74 மீட்டர் ஆழம், 33 உயிர்கள்: மீட்பு டைவிங்கின் முன்னோடி சார்லஸ் மாம்சன் யார்?

1939 மே 23. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் கடற்கரை அருகே ‘ஸ்குவாலஸ்’ என்ற புத்தம் புது நீர்மூழ்கிக் கப்பல், சோதனைக்காக நீருக்குள் இறங்கியது. என்ஜின்களுக்குக் காற்று கொண்டுவரும் பிரதான வால்வு மூடாமல் இருந்ததால், கப்பலின் பின்பகுதியில் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தவர்கள் 59 பேர். 26 பேர் இறந்துபோக, மீதி 33 பேர் 74 மீட்டர் ஆழத்தில், இருட்டிலும் குளிரிலும் சிக்கிக்கொண்டார்கள்.

அவ்வளவு ஆழத்தில் இருந்து அதுவரை யாரையும் மீட்டதே இல்லை. கடற்படை உடனே அழைத்தது ஒருவரைத்தான். அவர் சார்லஸ் மாம்சன்.

தூங்கவிடாத இரண்டு விபத்துகள்

1896-ல் நியூயார்க்கில் பிறந்த மாம்சன், நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன். 1925-ல் ‘எஸ்-51’ என்ற கப்பல் மூழ்கியபோது, அதைத் தேடிப் போனது மாம்சனின் ‘எஸ்-1’ கப்பல். கடல் மேல் மிதந்த எண்ணெயைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனா, கீழே இருந்தவர்களுக்கு உதவ அவரிடம் எந்த வழியும் இல்லை. 33 பேர் இறந்தார்கள்.

அப்போதுதான் மணி போன்ற ஒரு மீட்புக் கூண்டை இறக்கும் யோசனையை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அது பல மாதங்கள் கிடப்பில் கிடந்தது. கடைசியில், நடைமுறைக்கு ஒத்துவராது என்று நிராகரித்துவிட்டார்கள்.

1927 டிசம்பரில் ‘எஸ்-4’ மூழ்கியது. உள்ளே 6 பேர் நாள்கணக்கில் சுவரைத் தட்டி சிக்னல் கொடுத்தார்கள். மேலே புயல். மீட்கக் கருவியும் இல்லை. கப்பலில் இருந்த 40 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

முதல் பரிசோதனை தன் மேலேயே

அதன் பிறகு மாம்சனும் சகாக்களும் உருவாக்கியதுதான் ‘மாம்சன் லங்’. மார்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு ரப்பர் பை, அவ்வளவுதான். அதில் ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டு வாய்க்குழாய் வழியாக மூச்சுவிட வேண்டும். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை உள்ளே இருக்கும் சோடா லைம் உறிஞ்சிக்கொள்ளும்.

இதை முதலில் மாட்டிக்கொண்டு ஆழத்தில் இருந்து மேலே வந்தவர்களில் மாம்சனும் ஒருவர். 1929-ல் 200 அடிக்கும் மேற்பட்ட ஆழம் வரை சோதனை நடந்தது. அதற்குப் பயன்பட்டதும், கடலில் இருந்து மீட்டெடுத்த அதே ‘எஸ்-4’ கப்பல்தான்!

கருவி இருந்தால் மட்டும் போதாதே, பயிற்சியும் வேண்டும். 1930-ல் நியூ லண்டன் கடற்படைத் தளத்தில் 100 அடிக்கு மேல் உயரமான தண்ணீர் கோபுரம் கட்டினார்கள். வீரர்கள் முதலில் குறைந்த ஆழம், பிறகு 50 அடி, கடைசியில் 100 அடி எனப் படிப்படியாகப் பழகினார்கள்.

அங்கே கற்றுக்கொண்ட முக்கிய விதி: மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது. ஆழம் குறையக் குறைய நுரையீரலில் உள்ள காற்று விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடலாம்.

13 மணி நேரப் போராட்டம்

நிராகரிக்கப்பட்ட அந்தக் கூண்டும் பின்னர் தயாரானது. ஆலன் மெக்கேன் என்ற அதிகாரி அதை மேம்படுத்தியதால், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

மே 24 காலை ஒரு டைவர் கீழே இறங்கி, ஸ்குவாலஸின் கதவுப் பகுதியில் கேபிளை மாட்டினார். அந்தக் கேபிளைப் பிடித்தபடி கூண்டு இறங்கியது. கதவின் மேல் உட்கார்ந்ததும் அடியில் இருந்த தண்ணீரை வெளியேற்றினார்கள். உடனே கடலின் அழுத்தமே கூண்டைக் கப்பலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்து ஆட்களை ஏற்றினார்கள்.

முதல் நடையில் 7 பேர், அடுத்த இரண்டில் 9 பேர் வீதம் மேலே வந்தார்கள். கடைசி 8 பேர் வரும்போது கேபிள் சிக்கி, இழை இழையாகப் பிய்ந்தது. மாம்சனின் குழு பதறவில்லை. கையாலேயே மெதுவாக இழுத்தார்கள். நள்ளிரவு தாண்டி கூண்டு மேலே வந்தது. 33 பேரும் உயிரோடு!

பிறகு கப்பலைத் தூக்கும் பணியில், ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற மயக்கத்தைத் தவிர்க்க, ஹீலியம் கலந்த காற்றை டைவர்கள் சுவாசித்தார்கள். அதுவும் மாம்சன் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பலன்தான்.

இன்று?

மாம்சன் 1967-ல் காலமானார். அவருடைய ‘லங்’ இப்போது பயன்பாட்டில் இல்லை. ஆனா, இன்று ஸ்கூபா பயிற்சிக்குப் போகும் எவருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் பாடம் அதேதான்: மூச்சை அடக்காதீர்கள். மீட்பு டைவர் பயிற்சியில் அதோடு இன்னொன்றும் சேரும்: பதற்றப்படாதீர்கள். பிய்ந்துகொண்டிருந்த கேபிளைக் கையால் இழுத்த அந்த இரவில், 8 பேரைக் காப்பாற்றியது அந்த நிதானம்தான்.