மூலநூலைத் தேடிய மாணவர்

தருமபுரி மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் சர் தாமஸ் மன்றோவின் பெயரை விலக்கிவிட்டு எழுத இயலாது. ரயத்துவாரி முறையை நிலைநாட்டியவர், பின்னாளில் சென்னை மாகாணத்தின் ஆளுநராக விளங்கியவர் என்ற அளவில் அவரைப் பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. ஒரு நாவலின்மீது கொண்ட காதலால் அயல்மொழி ஒன்றை ஆசிரியர் துணையின்றித் தாமே கற்ற மாணவர் அவர் என்னும் செய்தியோ நிலவரிக் கணக்குகளுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. இலக்கிய அன்பர்களுக்கு அவரை நெருக்கமாக்குவது இச்செய்தியே.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1761ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் மன்றோ பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வாணிகம் நடத்திய வணிகர். இளமையில் கண்ட தட்டம்மை மன்றோவின் செவிப்புலனைக் குறைத்தது. அக்குறை வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் அவரது விருப்பப் பாடங்கள். உடல்வலிமையில் தோழர்களை விஞ்சிய அம்மாணவர், கையில் கிட்டிய நூலையெல்லாம் படித்துத் தள்ளினார். செவி மந்தமானவர்க்கு நூலைவிட இனிய துணை வேறு ஏது?

அந்நாட்களில்தான் செர்வாண்டிசின் டான் குவிக்சாட் அவர் கைக்கு எட்டியது. ஸ்பெயின் நாட்டில் முதற்பகுதி 1605இலும் இரண்டாம் பகுதி 1615இலும் வெளிவந்த அந்நாவலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்புகள் ஏற்கெனவே பல இருந்தன. ஸ்காட்லாந்தியரான ஸ்மாலெட்டே 1755இல் ஒன்றைச் செய்து வெளியிட்டிருந்தார். மொழிபெயர்ப்பைப் படித்து மகிழ்ந்த மாணவர் அதனோடு நிறைவுற்றிருக்கலாம். மன்றோ நிறைவுறவில்லை. இலக்கண நூல் ஒன்றையும் அகராதி ஒன்றையும் துணைகொண்டு ஸ்பானிய மொழியைக் கற்று, செர்வாண்டிசைச் செர்வாண்டிசின் சொற்களிலேயே படித்தார். தாகூரையும் பங்கிம் சந்திரரையும் மூலத்தில் சுவைக்க வங்கமொழி பயின்ற த.நா. குமாரசாமி போன்றோரைப் பெற்ற தமிழர்க்கு இவ்வேட்கை புதிதன்று. ஆயினும் பதின்பருவத்து மாணவர் ஒருவர், பிழைப்புக்கு உதவும் என்ற கணக்கு ஏதுமின்றி, ஒரு கதைமாந்தனின் குரலை அவன் மொழியிலேயே கேட்க விழைந்தது அரிய நிகழ்ச்சியே.

அம்மாணவரின் உள்ளத்தைக் கதையின் எப்பகுதி கவர்ந்திருக்கக் கூடும் என்பதை அவர் பின்னாளில் எழுதிய கடிதங்கள் உணர்த்துகின்றன. புறநாடுகளைக் காண்பதும் போரில் ஈடுபடுவதுமாகிய கனவுகள் தம் மனத்தை நிறைத்திருந்த நிலையிலேயே வீட்டைவிட்டு வெளியேறியதாக 1799இல் அவர் தம் உடன்பிறந்தாளுக்கு எழுதினார். வீரக்கதைகளைப் படித்துப் படித்து அறிவு மயங்கி, துருப்பிடித்த கவசத்தை மாட்டிக்கொண்டு, எலும்பும் தோலுமான ரோசினாந்தே என்னும் குதிரைமீதேறி உலகைத் திருத்தப் புறப்பட்ட முதியவரின் கதையை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட இளைஞர், அம்முதியவரைப் போலவே தாமும் புறப்பட்டார். காற்றாலைகளை அரக்கர் என்றெண்ணிப் பாயும் காட்சியில் இளையோர் நகைப்பர். வயது ஏறிய பின் அதே பக்கத்தில் அவர்தம் கண்கள் கலங்கும். மாணவர்களுக்கு அந்நாவல் நகைச்சுவை நூலாகவே தோன்றும் என்பாரும் உளர். சிரிப்பதற்காக மட்டும் எவரும் ஒரு மொழியைக் கற்பதில்லை.

அந்நாவலின் இரண்டாம் பகுதியில் வேறொரு கதையும் உண்டு. பாமர உழவனான சாஞ்சோ பான்சாவுக்கு, பிரபு ஒருவர் விளையாட்டாக ஒரு 'தீவின்' ஆட்சியை அளிக்கிறார். புறப்படுமுன் டான் குவிக்சாட் அவனுக்கு வழங்கும் அறிவுரைகள் நம் திருக்குறளின் பொருட்பாலை நினைவூட்டுவன. எழுத்தறியாத சாஞ்சோ வழக்குகளைத் தீர்க்கும் நேர்மை கண்டு ஏளனம் செய்ய வந்தோர் வியக்கின்றனர்; சில நாட்களில் அவன் வெறுங்கையோடு பதவியை விட்டு இறங்குகிறான். மன்றோவின் வாழ்க்கையோடு அடுத்து வைத்துப் படிக்கத்தக்க பகுதி இதுவே.

அமெரிக்கப் புரட்சியால் தந்தையின் வாணிகம் நொடித்தது. வணிக நிறுவனமொன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மன்றோ, கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படைப் பயிற்சி வீரராக 1780 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கினார். கனவும் நனவும் மோதும் காட்சிகள் உடனே தொடங்கின. மரியாதைக்குரிய தோற்றத்தோடு வந்தடைந்த ஒரு வேலையாள், கொண்டுவந்த ஆடைகள் இந்நாட்டுக்கு உதவா, மாற்றித் தருகிறேன் என்று கூறி அவற்றையும் கைப்பணத்தையும் பெற்றுச் சென்றவன் திரும்பவேயில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படை ஐதர் அலியிடம் அழிந்தபோது, உதவிக்குச் செல்லத் தவறிப் பின்வாங்கிய ஹெக்டர் மன்றோவின் படையில் இவ்விளைஞரும் இருந்தார். மூன்றாண்டுக் காலம் தமக்குத் தலையணையாக இருந்தவை ஒரு புத்தகம் அல்லது தோட்டாப் பை மட்டுமே எனப் பின்னொரு கடிதத்தில் நகைச்சுவையோடு எழுதினார்.

படைவீட்டிலும் மொழி வேட்கை தணியவில்லை. இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். கடனுக்கு ஈடாக உடற்சதையைக் கேட்கும் ஒருவனைப் பற்றிய கதையைப் பாரசீகச் சுவடியொன்றில் கண்டு, ஷேக்ஸ்பியரின் ஷைலக் பாத்திரத்துக்கு அது மூலமாகலாம் என்று மொழிபெயர்த்து அனுப்பினார். ஷேக்ஸ்பியர் பதிப்பாசிரியர் மலோன் அதனைத் தம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். இங்கும் மூலத்தைத் தேடும் அதே மாணவரைக் காண்கிறோம்.

1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரா மகால் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தது. சென்னையின் சிவில் அதிகாரிகள் நாட்டு மொழிகளை அறியாது துபாஷிகளின் வாயையே நம்பியிருந்ததைக் கண்ட கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், அவர்களை ஒதுக்கிவிட்டுப் படை அதிகாரியான அலெக்சாண்டர் ரீடிடம் அப்பகுதியை ஒப்படைத்தார். ரீடின் துணைவர் மூவருள் மன்றோ ஒருவர். தருமபுரி அவரது இருப்பிடமாயிற்று. டான் குவிக்சாட்டுக்காக அகராதியைப் புரட்டிய பழக்கம், சுற்றுவழியில் அவரைத் தகடூருக்குக் கொண்டுவந்து சேர்த்தது எனலாம். அதியமானும் ஔவையும் வாழ்ந்த ஊர் அது. அவ்வூரின் போரைப் பாடிய தகடூர் யாத்திரை சில செய்யுள்கள் நீங்கலாக அழிந்துபோன துயரம் தமிழர் அறிந்ததே.

முதலில் கிராமத் தலைவர்களுக்கு ஐந்தாண்டுக் குத்தகை என்றே ரீடு தொடங்கினார். அது பயன் தரவில்லை. பின்னர் வயல் வயலாக நிலம் அளக்கப்பட்டது. நஞ்சை, புஞ்சை, தோட்டக்கால் எனத் தரம் பிரித்து, உழுபவன் பெயரிலேயே தீர்வை குறிக்கப்பட்டது. ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ நடுவில் நில்லாமல் அரசும் உழவனும் நேர்நின்று கணக்குப் பார்க்கும் முறை இவ்வாறு இம்மண்ணில் உருப்பெற்றது. முறையைத் தொடங்கிய பெருமை ரீடுக்கு உரியது. அதன் உட்பொருளை உணர்ந்து வாழ்நாள் முழுதும் அதற்காக வாதிட்டவர் மன்றோ. மொழிபெயர்ப்போடு நின்றுவிட மறுத்த மாணவரே, துபாஷியின் சொல்லோடு நின்றுவிடாத அதிகாரியாக வளர்ந்தார் என்று கொள்வது பொருந்தும்.

இவ்விடத்தில் புகழுரையை நிறுத்திக்கொள்வதே நேர்மை. அவர் அளந்தது வரி வாங்குவதற்காகவே. தீர்வை கடுமையாக இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் வானம் பார்த்த பூமியில் அது உழவனின் முதுகை முறித்தது. இந்நிலையை மன்றோ உணராமலில்லை. தருமபுரியை நீங்கிப் பிற மாவட்டங்களில் பணியாற்றிய பின், 1807இல் தீர்வையில் கால் பங்கைக் குறைக்குமாறு பரிந்துரைத்தார். அரசு அப்போது ஏற்கவில்லை. பாரா மகாலிலோ, அவர் சென்ற சில ஆண்டுகளுக்குள் நிலங்கள் மிட்டாக்களாகக் கூறுபோடப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டன. இடைத்தரகர் மீண்டும் வந்தனர். ஏழாண்டு உழைப்பு காற்றாலையின்மீது எறிந்த ஈட்டி போலாயிற்று. மிட்டாதாரர் பலர் வரி கட்ட இயலாது நொடித்து, அந்நிலங்கள் பழைய முறைக்கே திரும்பியது பின்கதை.

தருமபுரியில் அவர் ஒரு தோட்டம் அமைத்திருந்தார். ஊரில் தங்கும் நாட்களில் ஒவ்வொரு நாளும் ஒரு நாழிகையேனும் அதில் கழிப்பது வழக்கம். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் 1799இல் கன்னட நாட்டுக்கு மாற்றப்பட்டபோது, பிறந்த வீட்டைப் பிரிந்ததைவிட ஆழ்ந்த வருத்தத்தோடு பாரா மகாலைப் பிரிவதாகவும், அச்சிறு தோட்டத்தை நீங்குவது பழைய நண்பர்களை நீங்குவது போன்றிருப்பதாகவும் எழுதினார். வீட்டைவிட்டு வந்தபோது நெஞ்சை நிறைத்திருந்த போர்க்கனவு இப்போது இல்லை. மலைகளும் ஒரு கிணற்றடித் தோட்டமும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. நாவலின் இறுதியில் டான் குவிக்சாட் மயக்கம் தெளிந்து தம் ஊரில் கண்மூடுகிறார். மன்றோவுக்கோ தெளிவு நடுவயதிலேயே வாய்த்தது, ஊர்தான் வேறாயிற்று.

பின்னைய பதவிகளைச் சுருங்கச் சொல்லலாம். 1800 முதல் ஏழாண்டுகள் பெல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளின் தலைமைக் கலெக்டர். 1820 முதல் சென்னை ஆளுநர். உயர்பதவிகளை இந்தியர்க்கு அளிக்க வேண்டுமென வற்புறுத்தினார். 1822இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தபோது 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருப்பது தெரியவந்தது.

டான் குவிக்சாட்டின் இரண்டாம் பகுதியில், தம் கதையை முன்பே படித்தவர்களை வழியெங்கும் சந்திக்கிறார் அதன் தலைவர். அதுபோல் மன்றோவும் கதையானார். மடத்து நிலம் பற்றி விசாரிக்க மந்திராலயம் சென்ற அவருக்கு மட்டும் ராகவேந்திரர் காட்சியளித்துப் பேசினார் என்று மக்கள் சொல்லிவருகின்றனர். திருமலையில் ஒரு பெரிய பாத்திரம் அவர் பெயரால் வழங்குகிறது. ஆந்திரச் சிற்றூர்களில் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டினர். வரி வாங்க வந்தவரைப் பற்றி உழவர் இவ்வாறு கதை புனைந்தது, அவர்தம் முன் கூடாரம் அடித்து அமர்ந்து பேசக் கேட்டவர் அவருக்கு முன் அரியராக இருந்தமையால் ஆகலாம். பாதிச் செவிடர் ஒருவரே அவ்வாறு கேட்டார் என்பது வியப்பு.

தாயகம் திரும்புமுன் பழைய மாவட்டங்களைக் கண்டு விடைபெறச் சென்ற பயணத்தில், 1827 ஜூலை 6ஆம் நாள், பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு மன்றோ மறைந்தார். குத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1831இல் சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சாண்ட்ரி வடித்த, அங்கவடியில்லாக் குதிரைமீதமர்ந்த வெண்கலச் சிலை 1839இல் சென்னையில் நிறுவப்பட்டது. அவர் உயிர்நீத்த பத்திகொண்டாவில் அரசு ஒரு தோப்பு வைத்து, படிகளோடு கூடிய கிணறு ஒன்றையும் வெட்டியது.