பட்டாணியை எண்ணிய துறவி

கிரெகோர் மெண்டல் என்னும் பெரியார், ஆஸ்திரியப் பேரரசின் சைலீசிய நாட்டில் உழவர் ஒருவருக்கு மகனாய் 1822-ஆம் ஆண்டிற் பிறந்தார். கல்வியில் வேட்கை மிகுந்தும் பொருளின்மையால் வருந்திய அவர், 1843-இல் பிரூன் நகரத்து அகஸ்தீனியர் மடத்தைச் சேர்ந்தார். ஆசிரியர் பரீட்சையில் தேறாதபோதும் மனந்தளராது, வியன்னா சர்வகலாசாலையிற் பௌதிகமும் கணிதமும் பயின்று மீண்டார்.

பெற்றோர் குணம் மக்களிடம் தோன்றுவதை உலகம் அறியும். அதனை எண்ணிக் கணக்கிட்டு விதி கண்டவர் இவரே. 1856 முதல் மடத்துத் தோட்டத்திற் பல்லாயிரம் பட்டாணிச் செடிகளை வளர்த்தார். உருண்டை விதையினத்தைச் சுருங்கிய விதையினத்தோடு கலந்தபோது, முதல் தலைமுறையில் யாவும் உருண்டையே. அடுத்ததிலோ உருண்டை 5474, சுருங்கியவை 1850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மறைந்த குணம் அழிந்திலது என்பதை அவ்வெண்களே காட்டின.

1865-இல் அவர் எடுத்துரைத்த இவ்வுண்மையின் பெருமையை அந்நாளில் உணர்ந்தார் இலர். மடத்தின் தலைவராய் 1884-இல் மறைந்தார். 1900-இல் மூவர் அதனை மீண்டும் கண்ட பின்னரே அவர் பெயர் விளங்கிற்று. மாப்பொருளை அமைக்கும் நொதிக்குரிய மரபணு பழுதுற்றமையே அச்சுருக்கத்தின் காரணம் என்பது 1990-இல் தெளிவாயிற்று. மரபணு எப்பொழுது, எவ்வளவு தொழிற்படும் என்பதைச் சமன்பாடுகளால் ஆராயும் இந்நாளையோர், அவர் தொடங்கிய கணக்கையே தொடர்கின்றனர். பயன் விளையும் நாளைத் தாம் காணாவிடினும் பணியைச் செவ்வனே முடித்த அப்பொறுமை, மாணாக்கராகிய நாம் போற்றத்தக்கதன்றோ?