குடில் கட்டிய ஏழை

வீட்டில் பாலன் குடில் கட்டும்போது அசிசி நகர்ப் புனித பிரான்சிஸை நினைப்பதுண்டா?

துணி வணிகரின் மகனாகப் பிறந்து, தந்தையின் செல்வத்தைத் துறந்து ஏழ்மையை ஏற்றவர் அவர். 1223ஆம் ஆண்டு நத்தாருக்குப் பதினைந்து நாட்களின் முன், இத்தாலியின் கிரேச்சோ என்னும் மலையூரில் வாழ்ந்த யோவான் என்ற நண்பரை அழைத்து, முன்னணையும் வைக்கோலும் மாடும் கழுதையும் ஆயத்தம் செய்யச் சொன்னார். பாலன் பட்ட குறைகளைக் கண்ணாற் காண வேண்டுமென்பதே அவருடைய ஆவல்.

அன்றிரவு சுற்றூர் மக்கள் பந்தங்கள் ஏந்தி வந்தனர். மரியன்னை, சூசையப்பர் சுரூபங்கள் அங்கே இருந்ததாகச் சரித்திரம் கூறவில்லை. முன்னணையின் மேல் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. குருப்பட்டம் பெறாது தியாக்கோனாகவே இருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடிப் பிரசங்கித்தார்.

நத்தாரன்று செல்வர் ஏழைகளை வயிறார உண்பிக்க வேண்டும். மாடு கழுதைகளுக்கு வழமையிலும் கூடுதலாகத் தீனி இட வேண்டும். பறவைகளுக்கு வழியெங்கும் தானியம் தூவ வேண்டும் என்றும் அவர் விரும்பினார்.

1226இல் மரித்த அவரை 1228இல் திருச்சபை புனிதராக உயர்த்தியது.

நம் குடில்களில் மின்குமிழ்கள் பெருகிவிட்டன. அயல்வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்று பார்த்துவிட்டு அவற்றை ஏற்றுங்கள். அதுவே பிரான்சிஸ் காட்டிய குடில்.