புழு வளர்த்த மெரியனும் என் ரெக்கார்டு நோட்டும்

ஒரு கேள்வி. மனசாட்சியோட பதில் சொல்லுங்க. போன செமஸ்டர் லேப் ரெக்கார்டுல நீங்க எழுதின ரீடிங் எல்லாம் நீங்களே எடுத்ததுதானா?

என்னோடது இல்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு எக்ஸ்பெரிமென்ட், எத்தனை தடவை செய்தும் கிராஃப் நேர்கோடா வரவே இல்லை. சீனியர் அண்ணா ஒருத்தரோட பழைய நோட்டைப் பார்த்து அப்படியே எழுதி கையெழுத்து வாங்கிட்டேன். வைவாவில் எக்ஸ்டர்னல் அந்த கிராஃபைக் காட்டி, மூணாவது ரீடிங் மட்டும் ஏன் இப்படி இருக்குன்னு கேட்டார். என்னால பதில் சொல்ல முடியலை. நான் பார்க்காத ஒரு ரீடிங்கைப் பத்தி என்ன சொல்றது?

அந்த சமயத்துலதான் மரியா சிபில்லா மெரியன் பற்றிப் படிச்சேன். இவங்க 300 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஓவியர். வாழ்க்கை முழுக்க செய்தது ஒரே வேலைதான்: தானே பார்த்ததை வரைவது. கேட்க ரொம்ப சாதாரணமா இருக்கும். எவ்வளவு கஷ்டம்னு அவங்க கதையைப் படிச்சா புரியும்.

மெரியன் 1647இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்தில் பிறந்தார். அப்பா பெயர் பெற்ற செதுக்கு ஓவியர், பதிப்பாளர். மெரியனுக்கு மூன்று வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்ட யாக்கோப் மாரெல் பூக்களை வரைவதில் கெட்டிக்காரர். இந்த மாற்றாந்தந்தைதான் மெரியனுக்கு வரையக் கற்றுக்கொடுத்தார். ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோருக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு ஓவியப் பட்டறை கிடைத்துவிடாது.

13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார். மல்பெரி இலை போட்டு, அது சாப்பிடுவதை, தோல் உரிப்பதை, கூடு கட்டுவதை, கூட்டை விட்டு அந்துப்பூச்சியாக வெளியே வருவதை எல்லாம் உட்கார்ந்து பார்த்தார். பார்த்ததை எழுதி வைத்தார். பிறகு தோட்டத்தில் கிடைக்கும் மற்ற புழுக்களையும் பிடித்து வந்து பெட்டியில் போட்டு வளர்க்கத் தொடங்கினார்.

இதில் என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்ற வட்டத்தை நாம சின்ன வகுப்பிலேயே படம் வரைந்து பாகம் குறித்துவிட்டோம். ஆனால் அந்தக் காலத்தில் படித்தவர்களிலேயே நிறைய பேர், பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகிய பொருளிலிருந்தும் தானாக உருவாகின்றன என்று நம்பினார்கள். இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி மாமிசத்தை மூடி வைத்தால் அதில் புழு வராது என்று பரிசோதனை செய்து வெளியிட்டதே 1668இல்தான். அதற்கு எட்டு வருஷம் முன்பே ஒரு பள்ளி வயதுப் பெண் வீட்டில் புழு வளர்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

18 வயதில் யோஹான் கிராஃப் என்ற ஓவியருடன் திருமணம். சில வருஷத்தில் நியூரம்பெர்க் நகரத்துக்குக் குடிபோனார்கள். இரண்டு பெண் குழந்தைகள். தைலவண்ணத்தில் வரைந்து விற்க அங்கே பெண்களுக்கு அனுமதி இல்லை. அதனால் மெரியன் நீர்வண்ணத்திலேயே வேலை செய்தார். வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண்களின் வீட்டுத் தோட்டங்களுக்குள் போகவும் வழி கிடைத்தது. தோட்டம் இருந்தால் புழு இருக்குமே!

1679இல் புழுக்கள் பற்றிய புத்தகம் வந்தது. 1683இல் இரண்டாம் பாகம். ஒவ்வொன்றிலும் 50 படங்கள். அதுவரை பூச்சிகளை வரைந்தவர்கள் பெரும்பாலும் ஊசி குத்திய செத்த பூச்சிகளை வரிசையாக அடுக்கி வரைந்தார்கள். மெரியன் ஒரே பக்கத்தில் ஒரு செடி, அந்தச் செடியைத் தின்னும் புழு, அதன் கூடு, அதிலிருந்து வரும் பூச்சி என்று முழு வாழ்க்கையையும் வரைந்தார். எந்தப் புழு எந்த இலையைத் தின்னும் என்பது அவருக்கு முக்கியம். தப்பான இலையைப் போட்டால் புழு செத்துப்போகும், அதோடு அந்த வருஷத்து வேலையும் போச்சு. நாம இன்னிக்கு சூழலியல் என்று தனிப் பாடமாகப் படிப்பதில் ஒரு பகுதி அந்தப் பக்கங்களிலேயே இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேற ஒண்ணு. சில கூட்டுப்புழுக்களிலிருந்து பட்டாம்பூச்சி வரவில்லை, ஈ மாதிரி சின்னச் சின்னப் பூச்சிகள் வந்தன. புழுவின் உடம்புக்குள்ளே முட்டையிடும் ஒட்டுண்ணிகள் பற்றி அன்றைக்குத் தெளிவு கிடையாது. அவருக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் அந்த முடிவை அவர் மறைக்கவில்லை, நடந்ததை நடந்தபடி பதிவு செய்தார். கிராஃபில் ஒட்டாத புள்ளியை அழிக்காமல் விட்டார் என்று நம்ம பாஷையில் சொல்லலாம்.

1680களின் நடுவில் கணவரைப் பிரிந்து, வயதான அம்மாவையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு நெதர்லாந்தில் லாபடிஸ்டுகள் என்ற எளிய வாழ்க்கை வாழும் ஒரு மதக்குழுவில் போய்ச் சேர்ந்தார். கணவர் தேடி வந்தும் திரும்பிப் போகவில்லை. அம்மா இறந்த பிறகு 1691இல் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து, ஓவியம் விற்றும் வண்ணப்பொருள் விற்றும் குடும்பத்தை நடத்தினார்.

ஆம்ஸ்டர்டாம் பணக்காரர்களின் வீடுகளில் தூர தேசத்துப் பூச்சிகளின் பெரிய சேகரிப்புகள் இருந்தன. எல்லாமே காய்ந்துபோனவை. எந்தப் புழுவிலிருந்து வந்தது, என்ன தின்றது என்று சொல்ல யாரும் இல்லை. அவருக்கு அது போதவில்லை. 1699இல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்து, உயிலும் எழுதி வைத்துவிட்டு, தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்களின் காலனியாக இருந்த சுரினாமுக்குக் கப்பல் ஏறினார். கூட வந்தது இளைய மகள் டோரோதியா மட்டும். அவருக்கு வயது 21. என் வயசு! நான் இன்னும் ப்ளேஸ்மென்ட்டுக்கு பெங்களூரு போகவே வீட்டில் அனுமதி கேட்டுட்டு இருக்கேன்.

சுரினாமில் இருந்த ஐரோப்பியர்களுக்குத் தெரிந்தது சர்க்கரை மட்டும்தான். கரும்பைத் தவிர வேறு எதையோ தேடி வந்த இந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் காட்டுக்குள் போனார். முள்ளும் புதருமாக வழியே இல்லாத இடத்தில் கோடரியால் வெட்டி வழி செய்தவர்கள் அடிமைகள். புழுக்களையும் செடிகளையும் கொண்டுவந்து கொடுத்து, எந்தச் செடி எதற்கு உதவும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகளும் அந்த மண்ணின் பூர்வகுடிகளும். மெரியனும் அந்த அடிமை முறையின் வசதியை அனுபவித்தவர்தான். இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொன்னால் அதுவும் காப்பியடித்த ரெக்கார்டு மாதிரிதான். அந்த மனிதர்களின் உதவியை அவர் புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர்களின் பெயர்கள் அதில் இல்லை.

நம்ம ஊர் ரோட்டோரங்களில், காலேஜ் வளாகங்களில், சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றை தெரியுமா? அந்தச் செடியை மெரியன் சுரினாமில் வரைந்தார். கூடவே அங்கிருந்த அடிமைப் பெண்கள் தன்னிடம் சொன்னதையும் எழுதினார். தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்கக் கூடாது என்பதற்காக, கருவைக் கலைக்க அவர்கள் அதன் விதையைப் பயன்படுத்தினார்கள். பூச்சிப் புத்தகத்தில் அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவர் கேட்டதை விடவில்லை. இதைப் படித்த பிறகு அந்தப் பூவை என்னால் சும்மா தாண்டிப் போக முடியலை.

வெயிலும் காய்ச்சலும் அவரைச் சாய்த்துவிட்டன. 21 மாதத்தில், 1701இல், திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு வருஷம் கழித்து, 1705இல், 60 படங்களுடன் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய பெரிய புத்தகத்தைத் தன் செலவில் வெளியிட்டார். பின்னாளில் லின்னேயஸ் பல உயிரினங்களை வகைப்படுத்த இந்தப் படங்களைப் பயன்படுத்தினார்.

அதில் ஒரு படத்தில், கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி சின்னப் பறவை ஒன்றைப் பிடித்துத் தின்னும். 19ஆம் நூற்றாண்டில் சில ஆய்வாளர்கள் இதைக் கட்டுக்கதை என்றார்கள். 1863இல் ஹென்றி வால்டர் பேட்ஸ், அமேசான் காட்டில் அப்படிப்பட்ட சிலந்தியைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதினார். மெரியன் இறந்து கிட்டத்தட்ட 150 வருஷம் ஆகியிருந்தது.

அதற்காக அவர் தப்பே செய்யாதவர் என்று நினைக்காதீங்க. சுரினாமில் இருக்கும் ஒரு பூச்சியின் தலை விளக்கு மாதிரி ஒளிரும் என்று எழுதினார். அது ஒளிராது. ஆனாலும் அந்தப் பூச்சிக்கு விளக்குப்பூச்சி என்ற பெயர் இன்னிக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தப்பும் அவர் பெயரிலேயே பதிவாகி இருப்பதால்தான் மற்றவர்களால் திருத்த முடிந்தது.

கடைசி வருஷங்களில் பக்கவாதம் வந்தது. 1717 ஜனவரியில், 69 வயதில் இறந்தார். அவருடைய ஓவியங்களில் ஒரு பகுதி ரஷ்யப் பேரரசர் பீட்டருக்காக வாங்கப்பட்டது. 13 வயதில் பார்த்த பட்டுப்புழுவில் தொடங்கும் குறிப்புப் புத்தகம் இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. யூரோ வரும் முன் ஜெர்மனியின் 500 மார்க் நோட்டில் இருந்தது இவர் முகம்தான்.

இப்போ என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஓடிட்டு இருக்கு. போன ரிவ்யூல எங்க சென்சார் ரீடிங் நாங்க எதிர்பார்த்த மாதிரி வரலை. டீமில் ஒருத்தன் டேட்டாவைக் கொஞ்சம் மாத்திடலாம்னு சொன்னான். நான் வேண்டாம்னு சொன்னேன். வந்த ரீடிங்கை வந்தபடியே போட்டோம். மார்க் குறைஞ்சது, டீமில் ரெண்டு நாள் சண்டை. ஆனா அந்த கிராஃபில் எந்தப் புள்ளியைக் காட்டிக் கேட்டாலும் அது எப்படி வந்ததுன்னு எங்களால சொல்ல முடிஞ்சது.

உங்க அடுத்த லேப் எப்போ?