பாழடைந்த தேவாலயத்தில் ஓர் அச்சுக்கூடம்

இலண்டனிலிருந்து வடமேற்கே, குளொஸ்ரர்ஷயர் மாவட்டத்தின் புறோட் கம்டன் என்னும் சிற்றூரில் பழைய கல்வீடொன்று உண்டு. நோர்மானியர் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டிலே, சிறு தேவாலயமாக எழுந்து பின்னர் பாழடைந்த கட்டடம் அது. அதனைச் செப்பனிடுவித்துத் தம் இல்லமாக்கியவர் ஒரு தமிழரின் மைந்தர். பிற்காலத்தில் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையில் இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளராய் விளங்கிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே அவர்.

1877 ஓகஸ்ற் 22இல் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி 1863இல் இலண்டனில் வெளியிட்டவர். தாயார் எலிசபெத் ஓர் ஆங்கிலப் பெண்மணி. 1879இல் தந்தையார் காலமானபோது குழந்தைக்கு இரண்டு வயதும் நிறைந்திருக்கவில்லை. தாயின் அரவணைப்பில் இங்கிலாந்திலேயே வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார். தந்தையின் மொழியையோ கலையையோ ஊட்டுவதற்கு அவ்வீட்டில் எவருமிருக்கவில்லை.

1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராகச் சென்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து. பாறைகளைத் தேடி ஊரூராய்த் திரிந்தவரின் கண்ணிற் பட்டவர்களோ கைவினைஞர்கள். கண்டிப் பகுதியின் ஓவியரும் கொல்லரும் தச்சரும் ஆதரிப்பாரின்றித் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தனர். தமக்குத் தெரியாதிருந்த ஒரு செல்வம் தாம் காணும்போதே அழிவதை அவர் உணர்ந்தார். துணைவியார் எதெல் புகைப்படம் எடுக்க, அவர் குறிப்பெடுத்தார்.

இங்கிலாந்து திரும்பிய பின்னரே நாம் மேலே சொன்ன தேவாலயம் வீடாயிற்று. திருத்த வேலையை மேற்கொண்டவர் கட்டடக் கலைஞர் ஆஷ்பி. கிழக்கு இலண்டனின் கைவினைஞர்களை 1902இல் அயலூரான சிப்பிங் கம்டனுக்கு அழைத்துச் சென்று தொழிற்சங்கம் நடத்தியவர் அவர். அச்சங்கம் நொடித்தபோது, வில்லியம் மொறிஸ் முன்னர் பயன்படுத்திய கைப்பொறி குமாரசுவாமியின் இல்லத்துக்கு வந்தது. 1907 செப்ரெம்பர் தொடக்கம் 1908 டிசம்பர் வரை, பதினைந்து மாத உழைப்பில், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அங்கு அச்சேறியது. படிகள் 425 மட்டுமே. ஒரு தமிழர் மகன் சிங்களக் கைவினைஞரின் அறிவைக் காத்துவைக்க இத்துணை பாடுபட்டான் என்பதை இன்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

இந்தியாவுக்கு நுண்கலையே இல்லையென இலண்டன் அறிஞரவையொன்றில் 1910இல் வாதிக்கப்பட்டது. அதனை மறுத்து அவ்வாண்டே இந்தியச் சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். ஆயினும் கம்டன் இல்லத்தில் அவர் சில ஆண்டுகளே வாழ்ந்தார், மணவாழ்வும் முறிந்தது. முதல் உலகப்போரில் பிரித்தானியாவுக்காகப் போரிட மறுத்த அவர், 1917இல் பொஸ்ரனிற் பதவியேற்றார். பழமையின் காவலர் புதுமையின் பகைவர் அல்லர்: புகைப்படத்தைக் கலையென ஏற்கப் பலர் தயங்கிய 1924இல், ஸ்ரீக்லிற்ஸ் எடுத்த 27 படங்கள் அந்நூதனசாலைக்குக் கிடைக்க அவர் துணைநின்றார்.

முதுமையில் இந்தியா சென்று வாழ எண்ணியிருந்தார். அது கைகூடவில்லை. 1947 செப்ரெம்பர் 9இல், எழுபது வயது நிறைந்து மூன்று கிழமைக்குள், அமெரிக்க மண்ணிலேயே கண்மூடினார்.

எம் பிள்ளைகள் இந்நாட்டில் வேரற்றுப் போவார்களோ என்று அஞ்சாத பெற்றோர் எம்மிடையே இல்லை. தந்தையின் குரலைக்கூட நினைவிற் கொள்ள வாய்ப்பற்ற ஒரு சிறுவன் இதே நாட்டிற்றான் வளர்ந்தான். மரபு அவனுக்கு இரத்தத்தோடு வரவில்லை. வளர்ந்தபின் தேடி, நடந்து, கற்று, அச்சுக்கோத்துப் பெற்றுக்கொண்டான். வீடு கைமாறிப் போயிற்று, நூல் நிலைத்திருக்கிறது. பிள்ளைகள் தேடும் நாளில் அவர்கள் கைக்கு எட்டுமாறு எதை எழுதி வைத்திருக்கிறோம் என்பதே நாம் எம்மைக் கேட்கவேண்டிய கேள்வி.