இரைச்சலுக்குள் உண்மையான பதிலைத் தேடியவர்: யார் இந்த நார்பர்ட் வீனர்?

ஒரு நடைமேம்பாலம் எந்த அதிர்வெண்ணில் அதிகமாக ஆடும் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். விசையை அளக்கும் சென்சார் பொருத்திய சுத்தியலால் தட்டுவீர்கள். பாலத்தில் ஒட்டிய இன்னொரு சென்சார் அதிர்வைப் பதிவு செய்யும். சிக்கல் என்னன்னா, காற்று, கீழே போகும் லாரி எல்லாமே அந்தப் பதிவில் கலந்திருக்கும். இதில் பாலத்தின் பதில் எது, இரைச்சல் எது?

இன்று பொறியாளர்கள் இதற்குப் போடும் கணக்கின் வேரைத் தேடிப் போனால், நார்பர்ட் வீனரிடம் வந்து நிற்பீர்கள்.

யார் இவர்?

1894-ல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பிறந்தவர். 14 வயதில் பட்டம், 18 வயதில் ஹார்வர்டில் முனைவர் பட்டம். 1919-ல் எம்ஐடியில் கணிதம் சொல்லித்தரச் சேர்ந்தார். ஒழுங்கே இல்லாமல் ஏறி இறங்கும் சிக்னலையும் அதிர்வெண் வாரியாகப் பிரிக்கலாம் என்று 1930-ல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. இரண்டு சிக்னல்களுக்கு இடையிலான உறவையும் அப்படியே அளக்கலாம்.

பாலத்துக்கு இது எப்படி உதவும்?

ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் நீங்கள் கொடுத்த விசையையும் கிடைத்த அதிர்வையும் பெருக்குங்கள். பல முறை தட்டி, அந்தப் பெருக்கலுக்குச் சராசரி எடுங்கள். நீங்கள் எப்போது தட்டினீர்கள் என்று லாரிக்குத் தெரியாது. அதனால் அதன் பங்கு ஒரு தடவை கூட்டும், ஒரு தடவை குறைக்கும், சராசரியில் கரையும். 100 முறை தட்டினால் இந்தப் பிழை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சுத்தியல் சென்சாரிலேயே இரைச்சல் இருந்தால், எத்தனை முறை தட்டினாலும் பாலம் உண்மையைவிடக் குறைவாக ஆடுவதாகவே கணக்கு காட்டும். பாதுகாப்பு விஷயத்தில் இது ஆபத்தான பொய்.

போரும் மறுப்பும்

இரண்டாம் உலகப் போரில், எதிரி விமானம் சில நொடிகளில் எங்கே இருக்கும் என்று இரைச்சல் கலந்த தரவிலிருந்து கணிக்கும் வேலை வீனருக்கு வந்தது. அவர் உருவாக்கிய கருவி போர்க்களத்துக்குப் போகவில்லை. ஆனால் 1942-ல் எழுதிய ரகசிய அறிக்கை 1949-ல் புத்தகமானது. 'வீனர் ஃபில்டர்' என்று நீங்கள் படிப்பது அதைத்தான்.

ஹிரோஷிமாவுக்குப் பிறகு, ஏவுகணை வேலையில் இருந்த ஒருவர் அவரிடம் ஆய்வின் நகல் கேட்டார். வீனர் தர மறுத்தார். ஏன் என்பதை 1947 ஜனவரியில் பத்திரிகையிலேயே வெளியிட்டார்.

இந்தியாவில்

1955-56-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். பம்பாயைச் சேர்ந்த கணித அறிஞர் பெசி மசானியுடன் அவர் எழுதி 1957, 1958-ல் வெளியான ஆய்வுகள், பல சிக்னல்களை ஒன்றாக வைத்துக் கணிப்பது பற்றியவை.

1964 மார்ச் 18-ல் ஸ்டாக்ஹோமில் வீனர் காலமானார்.

அடுத்த முறை உங்கள் முன் குழப்பமான ஒரு கிராஃப் வந்தால், வந்த பதிலை மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதையும் சரியாக அளந்தீர்களா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.