ராபர்ட் பிரவுன்: தீக்காகக் காத்திருக்கும் செடிகளைத் தேடிப் போனவர்

பள்ளியில் படித்த ‘பிரவுனியன் இயக்கம்’ ஞாபகம் இருக்கா? நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் ஆடுவதை 1827-ல் நுண்ணோக்கியில் கவனித்தவர் ராபர்ட் பிரவுன். ஆனால், அவர் இயற்பியலாளர் இல்லை, தாவரவியலாளர். அவரது வாழ்க்கையையே மாற்றியது ஆஸ்திரேலியாவின் புதர்க்காடுதான்.

யார் இவர்?

1773-ல் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் நகரில் பிறந்தார். மருத்துவம் படித்தார், பட்டம் வாங்கவில்லை. ராணுவத்தில் மருத்துவ உதவியாளர் வேலை பார்த்தாலும் மனசெல்லாம் செடிகள் மேல்தான். ஜோசப் பேங்க்ஸின் பரிந்துரையால் ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் இடம் கிடைத்தது.

1801 டிசம்பரில் தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் கிங் ஜார்ஜ் சவுண்டில் இறங்கினார். நான்கே வாரங்களில் சேகரித்தது சுமார் 500 வகைச் செடிகள்! பெரும்பாலானவை அறிவியலுக்குப் புதுசு.

அங்கே என்ன ஸ்பெஷல்?

குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. இதுதான் மத்தியத் தரைக்கடல் பருவநிலை. உலகில் ஐந்து பகுதிகளில் மட்டுமே இது உண்டு. நிலப்பரப்பில் இவை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் தாவர வகைகளில் கிட்டத்தட்ட 20 சதவீதம் இங்கேதான் இருக்கின்றன.

இங்கே தீ வெறும் எதிரி இல்லை. பேங்க்ஸின் பெயரைத் தாங்கிய பாங்க்சியா செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பல வகைகளில் கட்டை போன்ற காய்கள் பிசினால் ஒட்டி மூடியிருக்கும். தீயில் பிசின் உருகினால்தான் காய் திறக்கும். விதைகள் சாம்பல் மண்ணில் விழுந்து, மழை வந்ததும் முளைக்கும். பிரவுன் பெயர் சூட்டிய கிங்கியா பெரும்பாலும் தீக்குப் பிறகே பூக்கும்.

அந்த மண்ணின் நூங்கார் மக்கள் தலைமுறைகளாகத் தீயைத் திட்டமிட்டுப் பயன்படுத்தியவர்கள். புகையில் விதையை எழுப்பும் வேதிப்பொருளை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டதோ 2004-ல்தான்.

உழைப்புக்குப் பலன்?

1803-ல் ‘போர்பஸ்’ கப்பல் பவளப்பாறையில் மோதியதில் சேகரிப்பின் ஒரு பகுதி போச்சு. 1809-ல் அவர் பாங்க்சியா குடும்பம் பற்றி வாசித்த கட்டுரை அச்சாவதற்குள், அதிலிருந்த பெயர்கள் வேறொருவர் புத்தகத்தில் வெளிவந்துவிட்டன. 1810-ல் வந்த அவரது ஆஸ்திரேலியத் தாவர நூல் 250 பிரதிகள் அச்சாகியும் முப்பதுகூட விற்கவில்லை. ஆனால், அந்நாட்டுத் தாவரவியலுக்கு அடித்தளம் அந்த நூல்தான். 1858-ல் காலமானார்.

இப்போது என்ன பிரச்சினை?

தீயில் மடிந்து, விதையால் மட்டுமே திரும்பி வரும் செடிகள் வளர்ந்து காய்க்கச் சில ஆண்டுகள் தேவை. பருவநிலை மாறி, வெப்பமும் வறட்சியும் கூடும்போது, அதற்குள் அடுத்த தீ வந்துவிட்டால்? திறப்பதற்குக் காயே இருக்காது. தீ அறவே வராவிட்டாலும் சிக்கல், அடிக்கடி வந்தாலும் சிக்கல். பிரவுன் பெயர் சூட்டிய செடிகள் பிழைக்குமா என்பது இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.